ஐந்து பக்கக் கடிதமும் ஒற்றை வரியும்

கேள்வி: என் மகனுக்கு மூன்றே முக்கால் வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். பேச்சு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். இரவு ஒரு மணிக்கு முன் தூங்குவதில்லை. ரிப்போர்ட் வந்த வாரமே வேலையை விட்டுவிட்டேன். வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி கொடுத்தால்தான் பலன் என்று படித்ததிலிருந்து, காலை ஆறு மணிக்கே அட்டவணை போட்டு நானே செய்கிறேன். அப்படியும் 40 வருவதில்லை. படுக்கும்போது அழுகை வருகிறது. கணவர் ரிப்போர்ட்டை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. ‘நானும் நாலு வயசுலதான் பேசினேன், எல்லாம் சரியாயிடும்’ என்கிறார். நான் வேலைக்குப் போனதும், கையில் செல்போன் கொடுத்ததும்தான் காரணம் என்கிறார் மாமியார். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள் என்றும் சொல்கிறார். ரத்தத்தில் உள்ள நச்சு உலோகத்தை வெளியே எடுத்தால் ஆறு மாதத்தில் குணமாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் ஓர் இடத்தைக் காட்டுகிறார். மூத்தவள் எட்டு வயது, சமத்து, அவளால் எந்தத் தொந்தரவும் இல்லை. என் மகன் பேசுவானா? நான் எங்கே தவறினேன்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் ஐந்து பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு, வீட்டில் யாருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டே படித்தேன். மகனுக்கு மூன்று பக்கம். கணவருக்கும் மாமியாருக்குமாக ஒன்றரைப் பக்கம். மிச்சம் உங்கள் அழுகை. மூத்தவளுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது மனதிலிருந்து இறங்காதவரை நான் சொல்லும் வேறு எதுவும் உங்கள் காதில் ஏறாது.

நீங்கள் எங்கும் தவறவில்லை. வேலைக்குப் போனதால் ஆட்டிசம் வராது. செல்போனாலும் வராது. மூளை உருவாகும் விதத்திலேயே உள்ள வேறுபாடு இது. பெரும்பாலும் குழந்தை கருவில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. செல்போனைக் குறைக்கச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு: விளையாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் அது தின்றுவிடும். அதற்காக அதைக் குறைக்கலாம். குற்ற உணர்ச்சியில் குறைக்க வேண்டாம்.

அம்மாவைக் குற்றம் சொல்வது உங்கள் மாமியார் தொடங்கிவைத்த பழக்கம் இல்லை, படித்த மருத்துவர்களே ஒரு காலத்தில் செய்த அநியாயம். 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஆட்டிசம் பற்றிய இன்றைய புரிதலுக்கு அடித்தளம் அந்தக் கட்டுரை. அதிலேயே, இந்தப் பெற்றோர்களிடம் பாசத்தின் வெதுவெதுப்பு குறைவு என்ற குறிப்பும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, ‘குளிர்சாதனப் பெட்டி போன்ற அம்மா’ என்று ஒரு தலைமுறைத் தாய்மார்களை மருத்துவ உலகம் கூண்டில் ஏற்றியது. 1964-ல் பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர் புத்தகம் எழுதி அதை எதிர்த்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்தது. ஒரே கருமுட்டையில் பிறந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே இருந்தது. வேறு வேறு கருமுட்டையில் பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பத்து ஜோடிக்குமே வீடு ஒன்று, அம்மா ஒருத்தி. வித்தியாசம் மரபணுவில்தான் என்பது அப்போது தெளிவாகத் தொடங்கியது. பிறகு வந்த ஆய்வுகள் அதை இன்னும் உறுதியாக்கின.

நாளைக்கு இன்னொருவர் தடுப்பூசியைக் காரணம் சொல்வார். நீங்கள் கேட்காவிட்டாலும் அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தைக் கிளப்பியது, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி பற்றி 1998-ல் வந்த ஒரு கட்டுரை. மொத்தம் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான ஆய்வில் அந்தத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தென்படவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் போட வேண்டிய ஊசி எதையும் தவறவிடாதீர்கள்.

நச்சு உலோகம் எடுக்கும் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்த மருந்து ஏற்றும்போதே, உடலில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கி இறந்துபோனான். ‘ஆனால் இன்னாருடைய குழந்தைக்குக் குணமாகியிருக்கிறதே’ என்பார்கள். 1990-களின் இறுதியில் செக்ரடின் என்ற ஹார்மோன் ஊசி பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். பெற்றோர்கள் அலைமோதினார்கள். 1999-ல் சோதித்துப் பார்த்தபோது, வெறும் உப்புநீர் ஊசி போட்ட குழந்தைகளும் அதே அளவு முன்னேறியிருந்தார்கள். குழந்தை என்றால் வளரும், சகோதரி. ஆட்டிசம் உள்ள குழந்தையும் ஆறு மாதத்தில் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் பக்கத்தில் கடை விரித்திருப்பவர் அந்தப் பெருமையை வாங்கிக்கொள்வார். தேதி குறித்துக் குணமாக்குவதாகச் சொல்பவர் யாராக இருந்தாலும், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்த 40 மணி நேரம். உங்கள் அட்டவணையைப் பார்த்தேன். காலை 6:15 முதல் இரவு 9:30 வரை கட்டம் கட்டி, வண்ணம் தீட்டி, எவ்வளவு அக்கறையோடு போட்டிருக்கிறீர்கள்! அதில் ‘சும்மா’ என்று ஒரு கட்டம்கூட இல்லை.

அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1987-ல் இவார் லோவாஸ் என்ற உளவியலாளர், 19 சிறு குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்ததில் ஒன்பது பேர் மற்றக் குழந்தைகளைப் போலவே வகுப்பில் சேர்ந்து படிக்கும் நிலைக்கு வந்ததாக எழுதினார். எந்தக் குழந்தை பயிற்சிக் குழுவில், எந்தக் குழந்தை ஒப்பிடும் குழுவில் என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு அது. அதனால் பலன் பயிற்சியால் மட்டுமே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. ஆனால் ‘40’ மட்டும் தனியாகக் கழன்று, ஊர் உலகமெல்லாம் அம்மாக்களின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. 2024-ல் 144 ஆய்வுகளை, ஒன்பதாயிரம் குழந்தைகளுக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மணி நேரம் கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்று சொல்ல உறுதியான ஆதாரம் அதில் கிடைக்கவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 152 சிறு குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், பெற்றோர் தம் குழந்தையோடு விளையாடுவதைப் படமெடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டி, ‘பாருங்கள், இங்கே அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் அவர்களைச் செய்யச் சொன்னது தினமும் அரை மணி நேரம். 2016-ல், ஏறக்குறைய ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பிள்ளைகளிடம் அதன் பலன் தெரிந்தது. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, ஆட்டிசம் போய்விடவில்லை. ஆனால் கிடைத்தது நிலைத்து நின்றது.

என்னுடைய தவறு ஒன்றையும் உங்களிடம் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், பெற்றோர்களிடம் பதினான்கு பயிற்சிகள் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுப்பேன். தினமும் செய்து, கட்டத்தில் டிக் போட்டு, மாதம் ஒருமுறை கொண்டுவர வேண்டும். ஓர் அம்மா ஒரு நாளும் தவறாமல் நிரப்பிக் கொண்டுவந்தார். மூன்றாவது மாதம்தான் கவனித்தேன். முப்பது நாள் டிக்கும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. என்னைப் பார்க்க வருவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து மொத்தமாகப் போட்டிருக்கிறார். என்னிடம் பயந்து. உதவி கேட்டு வந்தவரைப் பரீட்சைக்கு வந்த பிள்ளையாக மாற்றியிருந்தேன். அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்தேன். அதற்குப் பிறகு எந்தக் குடும்பத்துக்கும் இரண்டு விஷயத்துக்கு மேல் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை.

உங்களுக்கும் இரண்டுதான். அட்டவணையைக் கழற்றி வையுங்கள். ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி), ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), வாரத்தில் எத்தனை நாள் போகிறீர்களோ அது தொடரட்டும். அங்கே அவர்கள் தெரபிஸ்ட். வீட்டில் நீங்கள் அம்மா. முதல் விஷயம் குளியல்.

அவனுக்குத் தண்ணீர் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு குவளை ஊற்றுங்கள். சிரிப்பான். இன்னொன்று ஊற்றுங்கள். மூன்றாவது குவளையை மொண்டு, அவன் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, நிறுத்திவிடுங்கள். எதுவும் கேட்காதீர்கள். ‘சொல்லு, தண்ணி சொல்லு’ வேண்டாம். அவன் முகம் உங்கள் கண்ணுக்கு நேராக வருவது போல உட்கார்ந்து, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நான்கு எண்ணும்போதே ஊற்றிவிடத் தோன்றும், பொறுங்கள். குவளையைப் பார்ப்பான். பிறகு குவளையைப் பிடித்திருக்கும் ஆளைப் பார்க்கலாம். ஒரு சத்தம் வரலாம், உங்கள் கையைத் தட்டலாம், உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கலாம். எதுவாக இருந்தாலும் அதுதான் அவன் சொன்ன வார்த்தை. உடனே ‘ஊத்து!’ என்று ஒரே சொல்லைச் சொல்லி ஊற்றுங்கள். பத்து குவளை, பத்து உரையாடல். அழ ஆரம்பித்தால் நிறுத்தாமல் ஊற்றிக் குளிப்பாட்டி முடியுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். சட்டை போடும்போது, ஊஞ்சல் ஆட்டும்போது, கதவு திறக்கும்போது இதே மாதிரி ஒரு கணம் நிற்கலாம். இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எப்படியும் குளிப்பாட்டத்தான் போகிறீர்கள்.

உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான் என்றீர்கள். குறையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது நல்ல செய்தியாகத் தெரிகிறது. உங்கள் கையால் காரியம் ஆகும் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. இப்போதைக்கு உங்கள் கையையே நாக்காக வைத்துப் பேசுகிறான். அவன் இழுத்துப் போகும் இடத்துக்கு முகத்தைக் காட்டியபடி போங்கள். அலமாரி முன்னால் நின்றதும் அவன் கேட்கும் பொருளைச் சுட்டி, பெயரைச் சொல்லி எடுத்துக் கொடுங்கள்.

இரண்டாவது விஷயம் படங்கள். அவன் தினமும் கேட்கும் ஐந்தாறு பொருள்களைப் போட்டோ எடுத்து, அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவையுங்கள். படத்தை எடுத்துக் கொடுத்தால் பொருள் கிடைக்கும். ‘படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும்’ என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஆவதில்லை. இதுவரை நடந்த ஆய்வுகளில் படமோ, பேசும் கருவியோ பேச்சைத் தடுத்ததாகத் தெரியவில்லை. சிலருக்குச் சற்று உதவவே செய்திருக்கிறது. காது பரிசோதனை முறையாகச் செய்தாகிவிட்டதா? உங்கள் கடிதத்தில் அதைக் காணோம். செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

பேசுவானா? உங்களைப் போலவே ஆயிரக்கணக்கான பெற்றோர் கேட்ட கேள்வி. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நான்கு வயதில் சொற்களைச் சேர்த்துப் பேசாதிருந்த 535 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனபோது, பத்தில் ஏழு பேர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். அந்த 535 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் சரளமாகவே பேசினார்கள். ஆகவே நான்கு வயதோடு கதவு மூடிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். மீதி மூன்று பேரையும் நான் மறைக்க மாட்டேன். அவர்களில் ஒருவனாக உங்கள் மகன் இருந்தாலும் அவனுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும். படத்திலோ, கருவியிலோ, எழுத்திலோ சொல்வான். அதனால்தான் பேச்சுக்காகக் காத்திருக்காமல் இப்போதே படங்களைத் தொடங்கச் சொல்கிறேன்.

தூக்கத்தைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அதில்தான் முதலில் கை வைப்பேன். ஒரு மணிக்குத் தூங்கும் வீட்டில் எந்த ஆலோசனையும் நிற்காது. இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுப்புங்கள். பின்மாலைத் தூக்கம் வேண்டாம். படுக்கும் முன் ஒரு மணி நேரம் எந்தத் திரையும் வேண்டாம். குளியல், உடை, விளக்கணைப்பு என்று தினமும் ஒரே வரிசை. மலச்சிக்கல், அரிப்பு, குறட்டை இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகள் வலியைச் சொல்வதில்லை, முழித்திருந்தும் அடித்தும்தான் காட்டுவார்கள். திடீரென்று குணம் மாறினால் முதலில் பல், காது, வயிறு பாருங்கள். கண் நிலைகுத்தி நின்று கூப்பிட்டாலும் தொட்டாலும் சில நொடிகள் அசையாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வலிப்பு நோய் இவர்களிடம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். தூக்கத்துக்கான மருந்து மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும், கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

இன்னொன்று, தண்ணீர் என்றால் உயிர் என்றீர்களே, அதனால் சொல்கிறேன். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது யாருக்கும் தெரியாமல் வெளியே போகப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் போகும் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆபத்து நீர்நிலை. வாசல் கதவில் அவனுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். சட்டை உள்பக்கம் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். வாய்ப்புக் கிடைக்கும்போது நீச்சல் கற்றுக்கொடுங்கள். இதை இன்றே செய்யுங்கள், மற்றது மெதுவாக.

இப்போது உங்கள் கணவர். ‘நானும் லேட்டாத்தான் பேசினேன்’ என்று அவர் சொல்வதை நீங்கள் சாக்குப்போக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையாகவே இருக்கலாம் அல்லவா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பத்தில் இப்படித் தாமதமாகப் பேசியவர்கள், ஒரே விஷயத்தில் மூழ்கிப்போகிறவர்கள், கூட்டம் என்றால் ஒதுங்குகிறவர்கள் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மகனின் ரிப்போர்ட்டில் தன் சிறுவயதைப் படிக்க நேர்ந்த அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தைப் பாதியில் மூடி வைப்பது அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆகவே ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை வைத்துச் சண்டை போடாதீர்கள். பெயரை அவர் எப்போது ஏற்கிறாரோ ஏற்கட்டும். தினக்குளியல் அவர் பொறுப்பு, ஒன்றுவிட்டு ஒரு இரவு அவர் முறை என்று மட்டும் கேளுங்கள். ‘உங்களுக்கு அக்கறையில்லை’ என்று தொடங்காமல், ‘என்னால முடியல, எனக்கு இந்த ராத்திரி தூங்கணும்’ என்று கேட்டுப் பாருங்கள்.

கானர் பார்த்த பதினொரு குழந்தைகளில் முதல் பையன் டொனால்ட் டிரிப்லெட். 1933-ல் பிறந்தவர். மூன்று வயதில் மருத்துவர்கள் சொன்னபடி விடுதி ஒன்றில் சேர்த்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு, மறுத்துப் பேசிய மருத்துவர்களை மீறிப் பெற்றோரே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கானரைப் பார்க்கப் போகும் முன், டொனால்டின் அப்பா மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினார். பையன் எதைச் சுழற்றுவான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வான், எதற்கு அழுவான் என்று எல்லாம். அவர் வக்கீல், கவனித்து எழுதத் தெரிந்தவர். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் கானர் தன் பதிவைத் தொடங்கினார். ஆட்டிசத்தைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் ஓர் அப்பாவின் கண்ணும் இருக்கிறது. டொனால்ட் பின்னாளில் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடு சுற்றினார். 2023-ல், 89 வயதில் காலமானார். அவர் குடும்பம் வசதியானது, ஊரும் அவரை அணைத்துக்கொண்டது, எல்லாப் பிள்ளைக்கும் அப்படி அமையும் என்று நான் சொல்ல முடியாது. உங்கள் கணவர் பொறியாளர் என்றீர்கள். சொன்னதை நம்பாதவர் தான் பார்த்ததை நம்புவார். குளியலறையில் நடப்பதை அவரையே தினமும் இரண்டு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

‘ஆட்டிசக் குழந்தை உள்ள வீட்டில் நூற்றுக்கு எண்பது பேர் பிரிந்துவிடுவார்களாமே’ என்று நடுங்கி எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்பது எங்கேயும் நிரூபிக்கப்பட்டதில்லை. 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 64 பேர் அப்பா அம்மா இருவரோடும் வாழ்ந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் 65 பேர். பாரம் கூடுதல் என்பது நிஜம், அதை இரண்டு பேரும் தூக்க வேண்டும் என்பதும் நிஜம்.

உங்கள் அத்தைக்கும் ஒரு வேலை கொடுங்கள். பழி சொல்பவர்களில் பலர் பயந்துபோனவர்கள். ‘படத்தை எடுத்துக் குடுத்தா மட்டும் அந்தப் பொருளைக் குடுங்க அத்தை, நீங்க குடுத்தா அவன் வாங்கிக்கறான்’ என்று சொல்லிப் பாருங்கள். பேரன் முதல் படத்தை அவர் கையில் வைக்கும் நாளில் பேச்சு மாறும் என்று நினைக்கிறேன். மாறாவிட்டால், இந்தப் பழியை என் மனைவி முன்னால் பேசக் கூடாது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. இன்னொரு பிள்ளை பற்றிய முடிவு உங்கள் இருவருடையது. 2024-ல் வெளியான பெரிய ஆய்வின்படி, அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் அது இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. தெரிந்து முடிவு செய்யுங்கள். தூக்கமில்லாத இந்த வருடத்தில் எந்தப் பெரிய முடிவும் வேண்டாம் என்பது என் கருத்து. வேலை விஷயம் அப்படி இல்லை. திரும்பப் போக மனம் இருந்தால், அரை நாளாவது போங்கள். மகனை விட்டுவிட்டுப் போவதாக நினைக்காதீர்கள்.

கடைசியாக அந்த ஒரு வரி. ‘சமத்து, அவளால் எந்தத் தொந்தரவும் இல்லை.’

என்னிடம் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். தம்பிக்கு ஆட்டிசம். பத்து வயதில் பள்ளியில் விழுந்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வீட்டில் தம்பிக்கு மோசமான வாரம். இரண்டு நாள் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் ஆசிரியை பார்த்துத்தான் எலும்பு முறிவு என்று தெரிந்தது. யாரும் அவளைச் சும்மா இரு என்று சொன்னதில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து அவளே கற்றுக்கொண்டது.

எட்டு வயதில் ஒரு குழந்தை தொந்தரவே கொடுக்கவில்லை என்றால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவளிடம் யாராவது விஷயத்தைச் சொன்னீர்களா? ‘தம்பியோட மூளை வேற மாதிரி வேலை செய்யுது. பேச்சு வர நேரமாகும். உன்னைப் பிடிக்காம பேசாம இல்லை. உன்னால வந்ததும் இல்லை, உனக்கு ஒட்டிக்கவும் ஒட்டிக்காது’, இவ்வளவு போதும். பெயரையும் சொல்லிவிடுங்கள். வகுப்பில் யாரோ சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அவன் அவள் நோட்டைக் கிழித்தால் அவள் கோபப்படட்டும். ‘அவன் பாவம், நீதான் விட்டுக்கொடுக்கணும்’ என்ற வாக்கியத்துக்கு இன்றோடு ஓய்வு கொடுங்கள். அவன் கை எட்டாத, பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று அவளுக்கே அவளுக்கு. ‘எங்களுக்கு அப்புறம் நீதான் அவனைப் பாத்துக்கணும்’ என்று எட்டு வயதுத் தோளில் எதையும் ஏற்றிவைக்க வேண்டாம். அது பெரியவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கணக்கு. தினமும் இருபது நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு, அவளும் நீங்களும் மட்டும். தம்பி பேச்சு வரக் கூடாது. நீங்கள் கழற்றி வைத்த அட்டவணையில் அந்த இருபது நிமிடம் தாராளமாகக் கிடைக்கும்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். குளியலறைக் குறிப்புகளை உங்கள் கணவர் எழுதி அனுப்பட்டும். நீங்கள் மூத்தவளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். யார் அவள் தோழி, எந்தப் பாடம் பிடிக்காது, எதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள், இரவில் எதற்குப் பயப்படுவாள். தெரியாததை அவளிடமே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
குழந்தைகள் வளர்ச்சி ஆலோசகர்